கையில் கொடுத்தால் கெட்டுவிடுவார்களா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து, காபி டம்ளரும் கையுமாக நாலைந்து பேர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு கிரிக்கெட்டில் ஆரம்பித்து, வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்துக்கு வந்து, கடைசியில் 'லாட்லி பெஹ்னா' பணத்தில் வந்து நின்றது. "மாதம் பிறந்தால் கணக்கில் பணம் விழுகிறது. அப்புறம் யார் வேலைக்கு வருவார்கள்?" என்றார் ஒரு நண்பர். "பாதிப் பணம் புருஷன் கைக்குப் போய், அங்கிருந்து நேரே சாராயக் கடைக்குப் போகும்" என்றார் இன்னொருவர். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்ற பழமொழியும் வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மனது கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நண்பர்கள் சொன்னதையே முப்பது வருஷமாக நானும் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த எண்ணத்தால் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த கெடுதலும் எனக்குத் தெரியும். அதை வராந்தாவில் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே ஆசிரியரின் அனுமதியுடன் இங்கே எழுதுகிறேன்.

நமது சங்கத்தில் அரசியல் பேசுவதில்லை. எந்தக் கட்சி கொடுத்தது, எந்தத் தேர்தலுக்காகக் கொடுத்தது என்பதற்குள் நான் போகப் போவதில்லை. ஏழைக் குடும்பத்தின் கையில் மாதாமாதம் ரொக்கமாகக் கொஞ்சம் பணம் வந்தால் அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போகிறதா? இந்த ஒரு கேள்வி மட்டும்தான் என் விஷயம்.

தையல் மெஷின்

ரயில்வேயில் நான் பாதைப் பிரிவைச் சேர்ந்தவன். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து, பெரும்பாலான காலம் இந்த மால்வா பிரதேசத்திலேயே கழிந்தது. மௌவிலிருந்து காண்ட்வா போகும் மீட்டர் கேஜ் பாதையில், பாதாள்பானி, காலாகுண்ட் மலைப் பகுதியில் சில வருஷங்கள் இருந்தேன். என்னிடம் வேலை பார்த்த கேங்மேன்களில் பலர் சுற்றுவட்டாரத்துக் கிராமத்து மனிதர்கள். நல்ல உழைப்பாளிகள். ஆனால் சம்பள நாளன்று பணம் வாங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மரத்தடியில் வட்டிக்காரர் நிற்பார். சம்பளம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடும். மிச்சத்தில் மளிகைக் கடைப் பாக்கி. அதற்கு மேல் வீட்டுக்குப் போவது எவ்வளவு என்று எனக்கே தெரியும்.

1994-ல் அவர்களில் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும். குடும்ப ஓய்வூதியம் கைக்கு வரும்வரை இடையில் ஏழு மாதம் ஓட்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து வசூல் செய்ததில் 2,600 ரூபாய் சேர்ந்தது. அதை அந்த அம்மாளிடம் அப்படியே கொடுத்துவிடலாம் என்றார் என் மேஸ்திரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பணமாகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும், சொந்தக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். பிழைக்க ஒரு வழி செய்து கொடுப்போம்" என்று பெரிய மனிதர் தோரணையில் சொன்னேன். 1,900 ரூபாய்க்கு ஒரு தையல் மெஷினும், மீதிக்குக் கோதுமையும் துணியும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எனக்கு மிகவும் திருப்தி.

நாலு மாதம் கழித்து அந்தப் பக்கம் டிராலியில் போனபோது விசாரித்தேன். மெஷினை 800 ரூபாய்க்கு விற்றுவிட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலைகுனிந்தபடியே சொன்னார்: "சாப், எனக்குத் தைக்கத் தெரியாது. கடைக்காரன் பாக்கிக்கு மெஷினை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான். பணம்தான் கேட்டான்."

அவ்வளவுதான். 2,600 ரூபாய் அவர் கையில் இருந்திருந்தால் அந்த நாலு மாதமும் கடன் இல்லாமல் ஓடியிருக்கும். நான் அதை 800 ரூபாய் ஆக்கிக் கொடுத்தேன். அவருக்கு என்ன தேவை என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டுக் கிராமங்கள்

இந்தக் கதையை வெகுநாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைத் திரும்ப நினைக்க வைத்தது, நம் இந்தோர் மாவட்டத்திலேயே நடந்த ஒரு பரிசோதனை. நம்மில் பலருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருந்த எனக்கே அப்போது தெரியாது, பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1972-ல் இலா பட் அம்மையார் அகமதாபாத்தில் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கத்தை 'சேவா' என்பார்கள். அந்தச் சங்கம், யுனிசெப்பின் பண உதவியோடு, 2011 முதல் 2012 வரை இங்கே எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் ரொக்கப் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய், அது தாயின் கையில். ஒரு வருஷத்துக்குப் பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முதலில் 700 ரூபாய், பிறகு 1,050 ரூபாய் என்று கணக்கு. பணக்காரர், ஏழை, என்ன ஜாதி என்று பார்க்கவில்லை. எதற்குச் செலவு செய்தாய் என்று கேட்கவில்லை. ரேஷனையும் நிறுத்தவில்லை. பணம் கொடுக்காத பன்னிரண்டு கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடவே கவனித்து வந்தார்கள். தனியாக ஒரு பழங்குடிக் கிராமத்திலும் ஒரு வருஷம் இதே போல் கொடுத்தார்கள். மொத்தம் ஆறாயிரம் பேருக்கு மேல் பணம் பெற்றார்கள். சரத் தாவலா, ரெனனா ஜாப்வாலா, கய் ஸ்டாண்டிங் முதலியோர் இதை நடத்தி, முடிவுகளை 2015-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்கள்.

என்ன நடந்தது? நம் வராந்தாப் பேச்சின்படி பார்த்தால் சாராயக் கடையில் கூட்டம் கூடியிருக்க வேண்டும். குடிச் செலவு கூடவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. உழைப்பு குறையவில்லை, இடம் மாறியது. பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்களில் பலர் தங்கள் துண்டு நிலத்திலேயே பாடுபட ஆரம்பித்தார்கள். விதை வாங்க, உரம் வாங்கக் கையில் காசு இருந்ததால் அது முடிந்தது. ஆடு மாடுகள் பெருகின. வட்டிக்கு வாங்குவது குறைந்தது. வெறும் ரொட்டி என்பது போய்ப் பருப்பும் காய்கறியும் தட்டில் கூடின. சிறு குழந்தைகளின் எடை கூடியது, அதிலும் பெண் குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடுவது போய், ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சீருடை, செருப்பு, வண்டிக் கட்டணம் என்று செலவு செய்தார்கள். மேல் வகுப்புகளுக்குப் போகும் பெண் பிள்ளைகள் அதிகமானார்கள். சில வீடுகளில் கூரை மாறியது, கழிப்பறை வந்தது.

நம் மத்தியப் பிரதேசம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் 1997-லும் பிரேசிலில் 2003-லும் பெரிய அளவில் ரொக்க உதவித் திட்டங்கள் தொடங்கின. அங்கே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். உலகின் பல பாகங்களிலும் நடந்த இப்படிப்பட்ட திட்டங்களின் ஆய்வுகளை உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இருவர் 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ரொக்கம் கிடைத்த குடும்பங்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவு செய்வதாக அவர்களுக்குப் பொதுவாகத் தென்படவில்லை. கெட்ட பழக்கம் உள்ளவன் எங்கும் உண்டு. ஆனால் அவனை வைத்து ஊரையே எடை போடக் கூடாது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

கரும்பு வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

நம் தமிழ்நாட்டில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன் என்ற பொருளாதாரப் பேராசிரியரும், ஆனந்தி மணி முதலிய அவரது சகாக்களும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்கு வருஷத்தில் ஒரு முறைதான் பணம். வெட்டுவதற்கு முன்பு கை வறண்டு கிடக்கும், அடகுக் கடைக்கு நடை நடக்கும். வெட்டிப் பணம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். அதே விவசாயிக்கு இரண்டு சமயங்களிலும் ஒரே மாதிரியான அறிவுப் பயிற்சிச் சோதனைகளைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன்பு அவர் செய்ததைவிட, அறுவடைக்குப் பின்பு நன்றாகச் செய்தார். 2013-ல் இது வெளியாயிற்று.

மனிதன் ஒருவன்தான். மூளையும் ஒன்றுதான். நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை தலையில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற யோசனைக்கு இடம் போதவில்லை. ஏழைகளுக்குத் திட்டமிடத் தெரியாது என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ஓய்வூதியம் முதல் தேதி வந்துவிடும் என்ற தைரியத்தில் இருக்கிற எனக்குத் திட்டமிடுவது சுலபம்தான்.

பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்போம். மே மாத வெயிலில் இரும்பு நீளும்போது அந்த இடைவெளிதான் தாங்கும். அது அடைத்துக்கொண்டால் போதும், எவ்வளவு பலமான தண்டவாளமும் பாம்பு போல் வளைந்துவிடும். தண்டவாளம் மட்டமானது என்று யாரும் சொல்வதில்லை, இடைவெளி இல்லை என்றுதான் சொல்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது யாரையும் பணக்காரர் ஆக்காது. ஆனால் ஒரு காய்ச்சலோ, நாலு நாள் மழையோ வந்தால் வீடு வளையாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

எங்கள் வீட்டுப் பாயி

புத்தகத்தில் படித்ததை விட்டு, என் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கும் பாயி பதினோரு வருஷமாக வருகிறார். கணவர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு, பெயிண்ட் அடிப்பவர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். மாதம் பாதி தாண்டினால் என் மனைவியிடம் வந்து நிற்பார். "மாஜி, ஐந்நூறு ரூபாய் முன்பணம்." இது தவறாமல் நடக்கும்.

2023 ஜூன் மாதம் லாட்லி பெஹ்னாவின் முதல் 1,000 ரூபாய் வந்தது. அக்டோபரில் 1,250 ஆயிற்று. (2025 நவம்பரில் 1,500 ஆக உயர்ந்தது.) 2024 பொங்கல் சமயம் என் மனைவி, "என்னங்க, கவனிச்சீங்களா? பாயி ஆறு மாசமா அட்வான்ஸே கேட்கலை" என்றாள். நான் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் பாயியை உட்காரச் சொல்லி, தணிக்கை ஆபீசர் மாதிரி இல்லாமல் தெரிந்துகொள்ளும் ஆசையோடு விசாரித்தேன்.

முதல் இரண்டு மாதப் பணம் மளிகைக் கடைப் பழைய பாக்கிக்குப் போயிருக்கிறது. பிறகு காஸ் சிலிண்டர். பத்தாவது படிக்கும் பையனுக்கு டியூஷன் 500 ரூபாய். மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை. முன்பு அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து வந்தாராம், அட்டை அதிக நாள் வருமே என்று! இப்போது தினமும் கொடுக்கிறார்.

"உன் வீட்டுக்காரர் கேட்கவில்லையா?" என்றேன். சிரித்தார். "ஒரு தடவை கேட்டார், கொடுத்தேன். அடுத்த தடவை கேட்டார், கொடுக்கவில்லை. அவர் குடிப்பது அவர் கூலியில். இது என் பெயரில் வருகிறது, பாபுஜி" என்றார்.

பிறகு அவர் சொன்ன ஒன்று என்னை யோசிக்க வைத்தது. "பத்தாம் தேதி பணம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கடைக்காரனிடம் பத்தாம் தேதி தருகிறேன் என்று சொல்ல முடிகிறது. முன்பெல்லாம் எந்தத் தேதியைச் சொல்வது?" தேதி தவறாமல் வாழ்ந்த எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குத் தேதியின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

வேலையை விட்டாரா என்று கேட்பீர்கள். விட்டார், ஒரே ஒரு வீட்டை. அந்த வீட்டில் தினமும் ஏச்சுப் பேச்சு, ஒரு நாள் லீவு போட்டாலும் சம்பளப் பிடிப்பு. "முன்பு விட்டால் மறுநாள் அடுப்பு எரியாது என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது வேறு வீடு கிடைக்கும்வரை பதினைந்து நாள் தாங்க முடிந்தது" என்றார். இப்போதும் நாலு வீட்டில் வேலை செய்கிறார். ஆகவே, வேலைக்கு ஆள் வரவில்லை என்று குறைப்படும் நண்பர்கள், ஆள் ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை என்றும் ஒரு தரம் யோசிக்கலாம். (இது எனக்கும் சேர்த்துத்தான்.)

பணம் மட்டும் போதாது

இவ்வளவு சொன்னதால், ரேஷன் கடையையும் ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதற்கு ராஞ்சி மாவட்டத்து நகரி வட்டாரம் ஓர் எச்சரிக்கை. 2017 அக்டோபரில் அங்கே ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். கிலோ ஒரு ரூபாய்க்கு ரேஷன் அரிசி வாங்கி வந்தவர்களுக்கு, அரிசி மானியத்தைப் பணமாக வங்கியில் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. வங்கிக்கு ஒரு நடை, பணம் எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை என்று கூலி போயிற்று. வயதானவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. மக்கள் ஊர்வலம் போனார்கள். 2018-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

எட்டுக் கிராமங்களிலும் ரொக்கம்தான், நகரியிலும் ரொக்கம்தான். அங்கே இருப்பதற்கு மேல் கொடுத்தார்கள். இங்கே இருந்ததை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். அங்கே பணம் கையருகே வந்தது. இங்கே மக்கள் பணத்தைத் தேடி அலைந்தார்கள். பாலம் நன்றாக இருந்தாலும் இரு பக்கத்து அணுகுபாதை சரியில்லை என்றால் வண்டி போகாது.

எங்கள் பாயிக்கும் 2024-ல் இரண்டு தவணை வரவில்லை. சமக்ரா எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. அவருக்கே மறந்துபோன ஒரு பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய அவருக்கு மூன்று நாள் வேலை போயிற்று. மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் கூட வந்ததும் கவுண்டரில் மரியாதை மாறியதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் விதவை, அவருக்கும் இந்தப் பணம் வந்துகொண்டிருந்தது. 60 வயது முடிந்ததும் பெயர் நீங்கிவிட்டது. அதற்குப் பிறகு முதியோர் ஓய்வூதியத்துக்குப் புதிதாக மனுப் போட வேண்டும். அந்த ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 1995-ல் 75 ரூபாயாகத் தொடங்கி, 2006-ல் 200 ரூபாய் ஆயிற்று. பிறகு பல வருஷங்கள் அங்கேயே நின்றுவிட்டது. விலைவாசி நிற்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கக் கஜானாவுக்கு இது பெரிய சுமை என்பதும் உண்மையே. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் தொடங்கியபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்தார்கள். இங்கே ஒன்றேகால் கோடிப் பெண்கள். மராட்டியத்தில் 2024-ல் தொடங்கினார்கள், வங்காளத்தில் 2021-லேயே தொடங்கிவிட்டார்கள். இந்தப் பணம் அங்கன்வாடியையும் பள்ளிக்கூடத்தையும் வெட்டி வந்தால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குவது போலாகிவிடும். அதைக் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் 'அவர்களுக்குச் செலவு செய்யத் தெரியாது' என்பது நியாயமான கேள்வி இல்லை. அதற்கு விடை கிடைத்துவிட்டது.

மணியார்டர்

கடைசியாக, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம். ஊரை விட்டு வடக்கே வந்த நம்மில் பெரும்பாலோர் மணியார்டர் அனுப்பியவர்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் அம்மாவுக்கு 1985 முதல் மாதம் 150 ரூபாய் அனுப்பி வந்தேன். மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்குமே, அதில் நலம் விசாரித்துவிட்டு, 'அரிசிக்கும் மருந்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளவும்' என்று எழுதுவேன். சம்பாதிக்கிற பிள்ளை அல்லவா, உத்தரவு போடலாமே!

மறு வருஷம் லீவில் போனபோது, அந்தப் பணத்தில் மாதம் 15 ரூபாய் என் தங்கையின் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறது என்று தெரிந்தது. நான் சத்தம் போட்டேன். "கஷ்டப்பட்டு அனுப்புகிறேன், எதற்கு என்று எழுதித்தானே அனுப்புகிறேன்?" என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நீ அங்கே இருக்கே. இங்கே என்ன வேணும்னு எனக்குத்தானேடா தெரியும்?" என்றாள். தங்கை லோயரும் ஹையரும் பாஸ் செய்தாள். அந்தச் சான்றிதழில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பா போன பிறகு அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள் சம்பளம்தான், என் மணியார்டர் இல்லை.

இது நடந்தது 1986-ல். இதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான் அந்தத் தையல் மெஷினை வாங்கிக் கொடுத்தேன். அம்மாவிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடத்தை அந்தக் கேங்மேன் மனைவியிடமும் கற்றுக்கொள்ளாமல், இப்போது பாயியிடம் கற்றுக்கொள்கிறேன். புத்தி வருவதற்கு எனக்கு ரயிலைவிடத் தாமதம்.

சங்க அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நம் வீட்டில் வேலை செய்பவரின் பணம் ஏதாவது ஒரு மாதம் நின்றுபோனால், 'ஐயோ பாவம்' என்பதோடு விடாமல் ஒரு நாள் கூடப் போய் வாருங்கள். நம்மில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். பாரம் பூர்த்தி செய்வதில் நமக்கு நாற்பது வருஷப் பழக்கம்!

இரண்டாவது, நம் சங்கத்தின் உதவி நிதி. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விழாவில் கஷ்டப்படும் தமிழ்க் குடும்பங்களை மேடைக்குக் கூப்பிட்டு, போர்வையும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து, போட்டோ எடுக்கிறோம். அந்தத் தொகையையே பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் ஒரே தேதியில், வீட்டுப் பெண்மணியின் கணக்கில் போட்டுவிடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போட்டோ வேண்டாம். எதற்குச் செலவு செய்தீர்கள் என்ற கேள்வியும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வரும். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களும் அவசியம் வாருங்கள். காபி என் செலவு.